நகரத்துக்குப் பல மையங்கள். நமக்கு எந்த ஓரம்?

சென்னைப் பெருநகரப் பகுதியின் பரப்பு 1,189 சதுர கிலோமீட்டராக இருந்தது. 2022 அக்டோபரில் அரசு அதை 5,904 சதுர கிலோமீட்டராக விரித்தது. கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களிலும் அரக்கோணம் பக்கத்திலும் இருந்து இந்தப் பத்தியைப் படிக்கிறவர்களில் பலர், தங்களுக்கே தெரியாமல் பெருநகரவாசிகள் ஆகிவிட்டார்கள். வீட்டு வரி ரசீது மாறவில்லை, ஏரியும் களத்துமேடும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன, ஊருக்குள் ஒரு தெருவும் காலனிக்கு ஒரு தெருவும் என்ற ஏற்பாடும் அப்படியே இருக்கிறது. ஆனால் எந்த வயல் வயலாக நீடிக்கும், எது தொழிற்பேட்டை ஆகும், எந்த வழியாக நூறடிச் சாலை வரும் என்பதை இனி சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் திட்டம் சொல்லும். 2046 வரைக்கும் செல்லத்தக்க மூன்றாவது முழுமைத் திட்டம் தயாராகிவருகிறது. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், மீஞ்சூர், திருமழிசை, மாமல்லபுரம் ஆகிய ஆறு இடங்களுக்குத் தனியாகப் புதுநகர் வளர்ச்சித் திட்டங்களும் தயாராகின்றன.

இவற்றுக்குப் பின்னால் இருக்கும் சிந்தனைக்கு ‘பல்மைய வளர்ச்சி’ என்று பெயர். விஷயம் எளியது. வேலை, கடைவீதி, கல்லூரி, மருத்துவமனை, அலுவலகம் எல்லாம் ஒரே நடுவில் குவிந்து, மற்றவர்கள் காலையில் உள்ளே போய் மாலையில் வெளியே வருகிற நகரம் ஒற்றை மைய நகரம். பாரிமுனை, கோட்டை, மூர்மார்க்கெட், அண்ணா சாலை என்று நூறு வருடம் ஓடிய பழைய சென்னை அப்படிப்பட்டது. நடுவுக்கு அருகே போகப் போக மனை விலை ஏறும். தள்ளிப் போகப் போக இறங்கும். பல்மைய நகரத்தில் இந்த நடு ஒன்றாக இருக்காது. பல ஊர்கள் ஒவ்வொன்றும் தன் வேலையோடும் தன் கல்லூரியோடும் தன் மருத்துவமனையோடும் நின்று, ரயிலால் ஒன்றோடொன்று கோக்கப்பட்டிருக்கும். நெதர்லாந்தில் ஆம்ஸ்டர்டாம், ராட்டர்டாம், தி ஹேக், உட்ரெக்ட் நான்கும் சேர்ந்து ஒரு பெருநகரம் போல இயங்குவதை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள்.

கேட்க நன்றாக இருக்கிறது. நாங்களும் இதற்கு எதிரிகள் அல்ல. திருத்தணிப் பக்கத்துப் பிள்ளை ஒரு நல்ல வேலைக்காகக் கிண்டியில் நாலு பேரோடு ஓர் அறையில் கிடக்க வேண்டியதில்லை என்றால் யாருக்குத்தான் கசக்கும்? கேள்வி வேறு. இந்த மையங்களை வரைகிறவர்களின் வரைபடத்தில் சேரி எங்கே இருக்கிறது?

இந்தக் கேள்வியை நாம் கேட்காமல் வேறு யார் கேட்பது? ஏனென்றால் ஒற்றை மையம் என்பது தமிழ் நிலத்துக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த பாடமல்ல. நடுவில் ஊர், கோயில், குளம். தள்ளி, காற்று அடிக்கும் திசை பார்த்து, சேரி. வேலை ஊரில், வேலை செய்கிற உடல் சேரியில். விடிந்தால் வர வேண்டும், பொழுது சாய்ந்தால் போய்விட வேண்டும். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் வரி நீக்கிய நிலங்களின் பட்டியலில் ஊர்நத்தம் ஒன்றாகவும் பறைச்சேரி, தீண்டாச்சேரி வேறாகவும் பதிவாகியிருப்பதைத் தமிழ் படிக்கும் மாணவர்கள் கவனித்திருப்பீர்கள். ‘சேரி’ என்ற சொல்லுக்குப் பழைய இலக்கியத்தில் சேர்ந்து வாழும் இடம் என்பதைத் தவிர வேறு இழிவு இல்லை. பார்ப்பனர்க்கும் சேரி இருந்தது. சொல் கீழே இறங்கியது பிறகு. நகரத் திட்டம் என்று ஒரு துறை பிறப்பதற்கு முன்பே நம்மைத் திட்டமிட்டு வைத்துவிட்டார்கள்.

இனி கோட்டூர்புரத்துக்கு வருவோம்.

அடையாற்றின் தென்கரையில் இருக்கும் இந்தப் பகுதி பழைய கோட்டூர் கிராமத்தை ஒட்டி வளர்ந்தது. இன்று அதைச் சுற்றி என்னென்ன இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். ஐ.ஐ.டி., அண்ணா பல்கலைக்கழகம், அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, பிர்லா கோளரங்கம், மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம். (தோலைத் தொட்டவனைத் தீட்டு என்ற நாட்டில், தோலுக்கு ஒரு மத்திய நிறுவனம்! அதன் வாசலைக் கடக்கும்போதெல்லாம் நமக்கு இது தோன்றாமல் இருப்பதில்லை.) 2004-இல் பறக்கும் ரயில் வந்து கோட்டூர்புரத்துக்கு ஒரு நிலையமும் கிடைத்தது. 2010 செப்டம்பரில் அண்ணா நூற்றாண்டு நூலகம் திறந்தது. சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய் உட்கார்ந்து படிக்கவும் அங்கே இடம் உண்டு. வீட்டில் மேசை இல்லாத, மின்விசிறி ஒழுங்காக ஓடாத பிள்ளைகள் போட்டித் தேர்வுக்குப் படிப்பது அங்கேதான். அடுத்த ஆண்டே அந்தக் கட்டடத்தை மருத்துவமனை ஆக்கப்போவதாக அப்போதைய அரசு அறிவித்தபோது, நீதிமன்றம் தடுத்ததால் நூலகம் பிழைத்தது.

நகரத் திட்ட நிபுணர்கள் ‘மையம்’ என்று எதைச் சொல்கிறார்களோ அது இதுதான். இந்த மையத்துக்குள்ளேயே, ஆற்றங்கரையில், சூர்யா நகர் போன்ற குடியிருப்புகளிலும் வாரிய அடுக்குமாடிகளிலும் நம் மக்கள் இருந்தார்கள். கட்டட வேலை, வீட்டு வேலை, மாநகராட்சித் துப்புரவு, ஆட்டோ, இட்லிக்கடை. வீட்டிலிருந்து வேலைக்கு நடந்துபோகும் தூரம். அவசரத்துக்கு ராயப்பேட்டை மருத்துவமனை ஒரு பஸ்.

2015 டிசம்பர் 1-ஆம் தேதி இரவு செம்பரம்பாக்கத்திலிருந்து திறந்த நீர் அடையாற்றில் வந்து கோட்டூர்புரத்தை மூழ்கடித்தது. வாரியக் குடியிருப்புகளின் தரைத்தளங்கள் முழுகின. கார் வைத்திருந்தவர்களின் பங்களாக்களும் முழுகின. வெள்ளம் சாதி பார்க்கவில்லை. வெள்ளம் வடிந்த பிறகு பார்த்தார்கள். ஆற்றங்கரைக் குடிசைகள் ஆக்கிரமிப்பு என்றும், மக்களின் பாதுகாப்புக்காகத்தான் அப்புறப்படுத்துகிறோம் என்றும் சொல்லி, கோட்டூர்புரம் சூர்யா நகர், சைதாப்பேட்டை உள்ளிட்ட அடையாற்றங்கரைக் குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கும் எழில் நகருக்கும் லாரியில் ஏற்றினார்கள். இதே ஆற்றின் மேலேயே பாலம் கட்டி விமான நிலையத்தின் ஓடுபாதை ஒன்று போகிறது. அதை யாரும் ஆக்கிரமிப்பு என்று சொல்லக் கேட்டதில்லை.

சரி, வெள்ளத்திலிருந்து காப்பாற்றிக் கொண்டுபோய் எங்கே வைத்தார்கள்? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குத் தெற்கே, ஏரிகளின் நீர் சேரும் தாழ்ந்த பூமியில். மழைக்காலம் வந்தால் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் முழங்கால் தண்ணீரில் ஜனங்கள் நிற்கும் படங்கள் இந்தப் பத்திரிகையிலேயே வந்திருக்கின்றன.

எண்ணிக்கையைப் பாருங்கள். 2000-ஆம் ஆண்டிலிருந்து கண்ணகி நகரில் 15,656 வீடுகள். சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரியில் 6,764 வீடுகள். பிறகு பெரும்பாக்கத்தில் 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். மூன்றும் பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டி, ஒன்றிலிருந்து ஒன்று பஸ் ஏறிப் போகும் தூரத்தில். வந்தவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். மீனவர்களும், வேறு வழியில்லாத மற்றச் சாதி ஏழைகளும் உண்டு. நகரம் முழுக்கச் சிதறி, ஒவ்வொரு மையத்தின் மடியிலும் இருந்த சேரிகளை வாரி எடுத்து ஒரே இடத்தில் குவித்திருக்கிறார்கள். மதுரை மதிலுக்கு வெளியே புறஞ்சேரியில் காத்திருந்த கண்ணகியின் பெயரை அதற்கு வைத்தது யாருடைய யோசனையோ, பொருத்தமான பெயர்தான்.

பெரும்பாக்கத்தில் நாங்கள் பேசிய பெண்கள் எடுத்த எடுப்பில் வீட்டைப் பற்றிக் குறை சொல்வதில்லை. பஸ்ஸைப் பற்றித்தான் சொல்கிறார்கள். இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கோட்டூர்புரத்தில் மூன்று வீடுகளில் பாத்திரம் துலக்கி வீடு பெருக்கும் ஒரு பெண் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றங்கரையில் இருந்தபோது காலை ஆறு மணிக்கு ஒரு வீடு, பத்து மணிக்கு ஒரு வீடு, நடுவில் வந்து பிள்ளைக்குச் சோறு போட்டுப் பள்ளிக்கு அனுப்புவாள், சாயங்காலம் மூன்றாவது வீடு. இப்போது கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறாள். ஆறு மணி வீட்டுக்கு நாலே முக்காலுக்குக் கிளம்ப வேண்டும். நடுவில் திரும்பி வந்து போக முடியாது. ஆகவே சாயங்கால வீடு போய்விட்டது. காலையில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப ஆள் இல்லை. ஆகவே மூத்த பெண் படிப்பை நிறுத்துகிறாள், அல்லது தாய் ஆறு மணி வீட்டையும் விட்டுவிடுகிறாள். மூன்று சம்பளம் ஒன்றாகிவிட்டது. வீட்டுக்கு வாரியம் கேட்கும் மாதத் தொகை மட்டும் குறையவில்லை.

2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இந்த மக்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பதை மறுப்பவர்கள் அந்த பஸ்ஸில் ஏறாதவர்கள். ஆனால் டிக்கெட் காசைத்தான் அரசு எடுத்துக்கொண்டது. நிறுத்தத்தில் நிற்கும் நேரத்தையும் சோழிங்கநல்லூர் நெரிசலில் கழியும் நேரத்தையும் யாரும் எடுத்துக்கொள்ள முடியாது. தூரத்தின் விலையை நம் பெண்கள் தூக்கத்தில் கட்டுகிறார்கள்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். பழைய மகாபலிபுரம் சாலைதான் சென்னையின் இரண்டாவது மையம் ஆயிற்றே? 2000-இல் தரமணியில் டைடல் பூங்கா திறந்த பிறகு அந்தச் சாலை நெடுகத் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் வந்தனவே? அப்படியானால் கண்ணகி நகர்க்காரர்கள் புதிய மையத்தின் வாசலில்தானே இருக்கிறார்கள்?

வாசலில்தான் இருக்கிறார்கள். காலை வேளையில் கண்ணகி நகரிலிருந்து நிறுவன வேன்களில் ஏறுகிற பெண்கள் அந்தக் கண்ணாடிக் கட்டடங்களைத் துடைக்கப் போகிறார்கள். சீருடை உண்டு, ஒப்பந்தக்காரர் உண்டு, நிரந்தரம் கிடையாது. இளைஞர்கள் பட்டப்படிப்பு முடித்து விண்ணப்பம் போட்டால், முகவரியைப் பார்த்துவிட்டுக் கூப்பிடாமல் விடுகிறார்கள் என்பதை அங்கே யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். அத்தை வீட்டு முகவரியைப் போட்டு வேலை வாங்கியவர்கள் இருக்கிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் கண்ணகி நகரின் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் வரைந்தார்கள், அழகாகத்தான் இருந்தன. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் கண்ணகி நகர்ப் பெண் ஒருவர் இருந்தபோதுதான் அந்த முகவரி முதன்முறையாகப் பெருமையோடு தலைப்புச் செய்தி ஆயிற்று. அதற்கு ஒரு கால் நூற்றாண்டு ஆகியிருக்கிறது.

ஆகவே பல்மைய நகரம் என்பதாலேயே எதுவும் மாறிவிடாது. ஒரு மையம் இருந்த இடத்தில் ஆறு மையங்கள் வந்தால், ஒரு சேரி இருந்த இடத்தில் ஆறு சேரிகள் வரலாம். ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனி ஓரம்.

தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில் இதைச் சட்டம் போட்டே செய்தார்கள். நகரத்துக்கு அருகே சோஃபியாடவுன் என்ற பகுதியில் கறுப்பின மக்கள் இருந்தார்கள். 1955-இல் போலீஸை வைத்து அவர்களை லாரிகளில் ஏற்றித் தென்மேற்கே மெடோலேண்ட்ஸில் கொண்டுபோய் இறக்கினார்கள். அந்தப் பக்கத்துக் குடியிருப்புகள் எல்லாம் சேர்ந்ததுதான் சோவெட்டோ. தென்மேற்கு நகரியங்கள் என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. பெயரே திசையையும் தூரத்தையும் மட்டும்தான் சொல்கிறது. அங்கே அதை நிறவெறி என்று உலகம் சொன்னது. இங்கே மறுகுடியமர்வு என்கிறோம். சட்டம் வேறு, நோக்கம் வேறு என்று நம் அதிகாரிகள் சொல்வார்கள், இருக்கட்டும். லாரி ஒன்றுதான்.

1985-இல் உச்ச நீதிமன்றம் ஓல்கா டெல்லிஸ் வழக்கில், நடைபாதையிலும் குடிசையிலும் வாழ்கிறவர்கள் அங்கே வாழ்வது வேலை அருகே இருப்பதால்தான், பிழைப்பைப் பறிப்பது உயிரைப் பறிப்பதற்குச் சமம் என்ற பொருளில் சொன்னது. முறையாக அறிவிப்புக் கொடுத்து அகற்றலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்லிவிட்டது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். முதல் பாதியை நாம் மேடையில் பேசுகிறோம். இரண்டாம் பாதியை அதிகாரிகள் கோப்பில் எழுதுகிறார்கள்.

இந்தப் போக்கு மாறவே மாறாதா என்றால், மாறியும் இருக்கிறது. 2022 மே மாதத்தில் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் பக்கிங்காம் கால்வாய் ஓரத்து வீடுகளை இடித்தபோது பெரியவர் ஒருவர் தீக்குளித்து உயிரிழந்தார். அதன் பிறகு முதலமைச்சர் சட்டப்பேரவையில், அந்த மக்களுக்கு மந்தைவெளி, மயிலாப்பூர் பகுதிகளில் கட்டப்படும் வீடுகளில் இடம் தருவோம் என்றார். அருகிலேயே இடம் தர முடியும் என்று அன்றைக்கு ஒப்புக்கொள்ளப்பட்டது. அதற்கு ஓர் உயிர் போக வேண்டியிருந்தது. குடிசை மாற்று வாரியம் 1970-இல் தொடங்கியபோது அதன் கொள்கையே பெரும்பாலும் இருக்கிற இடத்தில் கட்டித் தருவதுதான். மந்தைவெளியிலும் மயிலாப்பூரிலும் கோட்டூர்புரத்திலும் மையத்தில் இன்றும் நம் ஆட்கள் மிச்சம் இருப்பது அந்தக் காலத்து மாடிக் கட்டடங்களால்தான். 2021-இல் வாரியத்தின் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆயிற்று. பெயரில் ‘வாழ்விடம்’ வந்திருக்கிறது. பழைய மாடிகளை இடித்துக் கட்டும்போது அதே குடும்பங்கள் அதே இடத்துக்குத் திரும்புகின்றனவா என்பதில்தான் அது உண்மையா என்று தெரியும்.

தனிக் குடியிருப்பு என்பதையே நாங்கள் எதிர்க்கிறோமா என்று ஒரு கூட்டத்தில் மாணவர் ஒருவர் கேட்டார். அண்ணலே கேட்டாரே என்றார். கூர்மையான கேள்வி. 1942-இல் நாக்பூர் மாநாட்டில் தாழ்த்தப்பட்டோருக்குத் தனிக் கிராமங்கள் வேண்டும் என்று தீர்மானம் போட்டது உண்மை. 1947-இல் அரசியல் நிர்ணய சபைக்காக அம்பேத்கர் எழுதிய திட்டத்திலும் அதற்கென்று குடியேற்ற ஆணையம் வேண்டும் என்று கேட்டார். ஆனால் அவர் கேட்டது வெறும் வீடு அல்ல, சாகுபடிக்கு நிலத்தோடு சேர்ந்த குடியேற்றம். ஊர்க்காரனிடம் கூலிக்குக் கை நீட்டாமல் சொந்தக் காலில் நிற்கும் கிராமம். அவர் கேட்டதும் ஒரு மையம்தான், நமக்கென்று ஒரு மையம். பெரும்பாக்கத்தில் தனிமை கிடைத்திருக்கிறது. நிலமும் கிடையாது, தொழிலும் கிடையாது. பிழைப்புக்கு மறுபடியும் அதே கோட்டூர்புரத்துக்கு பஸ் ஏற வேண்டும்.

சென்னைக்குப் பல மையங்கள் வேண்டும் என்பது புதிய யோசனையும் அல்ல. 1976-இல் அரசு ஏற்ற முதல் பெருநகரத் திட்டத்திலேயே அது இருந்தது. மறைமலைநகரும் மணலி புதுநகரும் அப்படிப் பிறந்தவைதான். மறைமலைநகர் கால் நூற்றாண்டு தூங்கியது என்று சொல்ல வேண்டும். கார் தொழிற்சாலை வந்த பிறகுதான் விழித்தது, அந்தத் தொழிற்சாலையும் 2022-இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. வேலையை அனுப்பாமல் மனைகளை மட்டும் அனுப்பினால் மையம் உருவாகாது. 2006-இல் வண்டலூர் – கேளம்பாக்கம் பக்கம் ஒரு துணைநகரம் அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் கைவிட்டார்கள். கொத்தவால்சாவடி 1996-இல் கோயம்பேட்டுக்குப் போயிற்று. வெளியூர் பஸ் நிலையம் 2002-இல் கோயம்பேட்டுக்கு, பிறகு 2023 டிசம்பரில் திறந்த கிளாம்பாக்கத்துக்கு. ஒவ்வொரு முறையும் சந்தையோடும் நிலையத்தோடும் சுமைதூக்கிகளும் கூடைக்காரிகளும் துப்புரவாளர்களும் தேநீர்க்கடைக்காரர்களும் பின்னால் நடந்தார்கள். சந்தைக்கு இடம் ஒதுக்கினார்கள். அவர்கள் குடியிருக்க ஒதுக்கியதாக நாம் அறியோம்.

இப்போது கிராமத்துப் பக்கம். இங்கேதான் நம் வாசகர்கள் அதிகம். ஆபத்தும் இங்கேதான் அதிகம்.

2011 கணக்கெடுப்பின்படி சென்னை மாவட்டத்தில் பட்டியல் சாதியினர் 16.8 விழுக்காடு. அன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில் 22, இன்றைய செங்கல்பட்டையும் உள்ளடக்கிய அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் 23.7. மாநிலச் சராசரி 20. அதாவது பெருநகரம் விரிகிற திசையெல்லாம் நம் மக்கள் மாநிலச் சராசரிக்கு மேல் வாழும் திசை. இது பஞ்சமி நிலத்தின் தாய்மண்ணும்கூட. செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீர் 1891-இல் பறையர்களின் நிலைமை குறித்து எழுதிய அறிக்கையின் விளைவாகத்தான் 1892-இல் ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது. பத்தாண்டுகளுக்கு யாருக்கும் விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம், மீறினால் செல்லாது. அந்த நிலங்கள் எப்படிக் கைமாறின என்பது நாம் அறிந்த கதை. காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்துக்காக 1994 அக்டோபர் 10-ஆம் தேதி செங்கல்பட்டு ஆட்சியர் அலுவலகம் முன்பு திரண்டவர்கள் மீது போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு இளைஞர்களை இழந்தோம்.

அந்தக் காலத்தில் ஏக்கர் கணக்கில் பேசினோம். இனி அந்த மண்ணைச் சதுர அடிக் கணக்கில் பேசுவார்கள். நிலத்தின் பயன்பாடு விவசாயம் என்பதிலிருந்து குடியிருப்பு என்றோ தொழில் என்றோ திட்ட வரைபடத்தில் ஒரு நிறம் மாறினால் போதும், ஒரே இரவில் மதிப்பு பல மடங்கு ஆகும். அந்த நேரத்தில் நிலம் யார் கையில் இருக்கிறதோ அவருக்கே ஆதாயம். பஞ்சமி நிலத்தை மீட்காமல் பெருநகரத்தை விரிப்பது, திருட்டுப் பொருளுக்கு அரசே விலை ஏற்றிக் கொடுப்பது போன்றது.

நிலமே இல்லாதவர்கள் நிலை இன்னும் மோசம். பரந்தூரில் இரண்டாவது விமான நிலையம் என்று 2022-இல் அறிவிப்பு வந்தது முதல் ஏகனாபுரம் மக்கள் ஆயிரம் நாட்களைத் தாண்டிப் போராடிவருகிறார்கள். 5,000 ஏக்கருக்கு மேல் தேவைப்படும் திட்டம். பட்டா வைத்திருப்பவருக்குச் சந்தை விலைக்கு மேல் இழப்பீடு தருவதாக அரசு சொல்கிறது. அந்த வயலில் நடவு நட்டு, களை பறித்து, ஏரிப் புறம்போக்கில் மாடு மேய்த்துப் பிழைத்த குடும்பத்துக்கு? நிலம் எடுப்பதால் பிழைப்பை இழக்கும் விவசாயக் கூலிகளும் பாதிக்கப்பட்ட குடும்பங்களே என்று 2013-ஆம் ஆண்டின் நிலம் எடுப்புச் சட்டம் சொல்கிறது. ஆனால் கூலி வேலை செய்தார் என்பதற்கு ரசீது கிடையாது. கணக்கெடுக்க வருபவர் பட்டா எண்ணைத்தான் கேட்பார்.

மும்பைக்கு எதிர்க்கரையில் நவி மும்பையை இதே பல்மைய யோசனையில் 1970 முதல் கட்டினார்கள். மும்பையின் தலைமைச் செயலகமே அங்கே போகும் என்று முதலில் கனவு கண்டார்கள், அது போகவில்லை. நிலம் இழந்தவர்கள் 1984-இல் ஜாசையில் போராடித் துப்பாக்கிச் சூட்டில் ஐந்து உயிர்களைக் கொடுத்த பிறகு, எடுத்த நிலத்தில் 12.5 விழுக்காட்டை மேம்படுத்திய மனையாகத் திருப்பித் தரும் ஏற்பாடு வந்தது. போராடினால் கிடைக்கும் என்பதற்கு அது சாட்சி. ஆனால் நிலம் வைத்திருந்தவருக்குத்தான் அந்த விழுக்காடு. நிலமே இல்லாதவருக்குப் பூஜ்யத்தில் பன்னிரண்டரை விழுக்காடு பூஜ்யம்தானே.

ஆகவே மூன்றாவது முழுமைத் திட்டத்திலிருந்து நாம் கேட்க வேண்டியது என்ன என்பதைச் சொல்லிவிடுகிறோம். புதுநகர் ஒவ்வொன்றிலும் ரயில் நிலையத்தையும் பஸ் நிலையத்தையும் ஒட்டிய மனைகளில் ஒரு பங்கு, அங்கே வேலை செய்யப்போகும் உழைப்பாளிகளின் வாடகை வீட்டுக்கென்று வரைபடத்திலேயே குறிக்கப்பட வேண்டும். பத்து கிலோமீட்டர் தள்ளி அல்ல. இருக்கிற காலனிகளைச் சுற்றி விரிவாக்கத்துக்கு இடம் விட வேண்டும். இன்றைக்குக் காலனிகளில் மூன்று தலைமுறை ஒரே மூன்று சென்ட்டில் இருக்கிறது. பஞ்சமி நிலம் என்று பதிவேட்டில் உள்ள எதற்கும், மீட்பு விசாரணை முடியும் வரை பயன்பாட்டு மாற்றம் கூடாது. பெரும்பாக்கம் போல ஆயிரக்கணக்கில் ஒரே இடத்தில் குவிப்பது இனி எந்தப் புதுநகரிலும் கூடாது. கோட்டூர்புரம் போன்ற பழைய மையங்களில் மிச்சம் இருப்பவர்களை அங்கேயே இருக்க விட வேண்டும்.

யாரிடம் கேட்பது? மாநகராட்சி மேயர் நாற்காலியில் 2022-இல் முதன்முறையாகத் தலித் பெண் ஒருவர் அமர்ந்தது நமக்கெல்லாம் மகிழ்ச்சி. ஆனால் இந்தத் திட்டத்தை எழுதுவது மாநகராட்சி அல்ல, அரசின் குழுமம். இத்தனைக்கும் பெருநகரத் திட்டத்தை வரைய ஒரு பெருநகரத் திட்டக் குழு வேண்டும் என்றும், அதன் உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினரை நகராட்சி உறுப்பினர்களும் ஊராட்சித் தலைவர்களும் தங்களுக்குள்ளிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும் என்றும் அரசியலமைப்பின் 74-ஆவது திருத்தம் சொல்கிறது. இடஒதுக்கீட்டில் வென்ற நம் ஊராட்சித் தலைவர்கள் அந்த மேசையில் உட்கார உரிமை உள்ளவர்கள். கொடியேற்ற விடவில்லை, நாற்காலி தரவில்லை என்று அவர்களை ஊருக்குள்ளேயே மடக்கிவைக்கிற இதே மாவட்டங்களில், இந்தப் பெரிய மேசையைப் பற்றி அவர்களுக்கு யாரும் சொல்வதுகூட இல்லை.

வரைவுத் திட்டம் வெளியாகும்போது ஆட்சேபணை தெரிவிக்கக் குறைந்தது இரண்டு மாதம் தர வேண்டும் என்று 1971-ஆம் ஆண்டின் நகர், ஊரமைப்புச் சட்டம் சொல்கிறது. கடிதம் எழுத வழக்கறிஞர் வேண்டாம், தமிழிலேயே எழுதலாம். அதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. கல்லூரி விடுமுறைக்கு ஊருக்கு வரும் மாணவர்கள் கிராம நிர்வாக அலுவலரிடம் ‘அ’ பதிவேட்டைப் பார்த்து, உங்கள் கிராமத்தில் பஞ்சமி நிலம் என்று எந்தெந்தப் புல எண்கள் இருக்கின்றன, இப்போது யார் பெயரில் இருக்கின்றன என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி எடுங்கள். காட்ட மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேளுங்கள். நத்தம், மேய்க்கால், களத்துமேடு, சுடுகாட்டுப் பாதை ஆகியவற்றையும் சேர்த்துக் குறியுங்கள். சாலைக்கு முதலில் எடுக்கப்படுவது இவைதான். அந்தப் பட்டியலை அடுத்த கிராம சபையில் படித்துத் தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, ஜனவரி 26 என்று ஆண்டுக்கு ஆறு முறை சபை கூடுகிறது. தீர்மானத்தின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.